ஏலப் போட்டியில் சிக்கிய மீடியா பங்கு: விற்பதா, காத்திருப்பதா?

கேள்வி: ஒரு பொழுதுபோக்கு நிறுவனத்தின் பங்குகளைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். அதை வாங்க ஒரு பெரிய நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. மூன்றே வாரத்தில் இன்னொரு நிறுவனம் குறுக்கே புகுந்து கூடுதல் விலை சொல்லியிருக்கிறது. ஆனால் சந்தையில் பங்கு அந்தப் புது விலைக்குக் கீழேதான் நிற்கிறது. இப்போதே விற்றுவிடலாமா, போட்டி சூடுபிடிக்கட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: சொன்ன விலைக்குக் கீழே சந்தை விலை நிற்கிறது என்கிறீர்களே, அந்த இடைவெளியிலிருந்தே ஆரம்பிப்போம். பணம் உறுதியாக வரும் என்றால் யாராவது உடனே வாங்கிக் குவித்து அதை மூடியிருப்பார்கள். மூடவில்லை என்றால், இது நடக்காமலும் போகலாம் என்று சந்தை நினைக்கிறது.

எவ்வளவு நினைக்கிறது என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏலப் பேச்சுக்கு முன் பங்கு 60-இல் இருந்தது, கடைசியாகச் சொன்ன விலை 100, இன்றைய சந்தை விலை 88 என்று வையுங்கள். பேரம் முடிந்தால் உங்களுக்கு இன்னும் 12 கிடைக்கும். முறிந்தால் 28 போகும். 60-க்கும் 100-க்கும் இடையிலான 40-இல் 28 படி ஏறி நிற்கிறது சந்தை. அதாவது நடந்து முடிய சுமார் 70 சதவீத வாய்ப்பு என்கிறது. இது கரடுமுரடான கணக்குதான். காத்திருக்கும் காலத்துக்கான வட்டி இதில் இல்லை, முறிந்தால் பங்கு சரியாக 60-இல் நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் 70-ஐவிட அதிக வாய்ப்பு இருப்பதாக நீங்கள் நம்பக் காரணம் இருந்தால்தான் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. மாறாக, சந்தை விலை கடைசி ஏலத்தைத் தாண்டிப் போனால் இன்னொரு சுற்று வரும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது, இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் கேட்கிறார்களா? 2025 டிசம்பர் தொடக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரிக்கு வந்த ஏலங்களைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் பங்குக்கு 27.75 டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அதில் 23.25 ரொக்கம், 4.50 நெட்ஃபிளிக்ஸ் பங்கு. மூன்று நாள் கழித்து பாராமவுண்ட் ஸ்கைடான்ஸ், இயக்குநர் குழுவைத் தாண்டி நேரடியாகப் பங்குதாரர்களிடமே 30 டாலர் ரொக்கம் என்று வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் 30 பெரியது. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் கேட்டது ஸ்டுடியோவையும் ஹெச்பிஓ பக்கத்தையும் மட்டும். கேபிள் சேனல்கள் தனி நிறுவனமாகப் பிரிந்து, அதன் பங்கு பழைய பங்குதாரர்களுக்கே வரும் என்பது ஏற்பாடு. பாராமவுண்ட் கேட்டது மொத்தக் கடையையும். ஆக, அந்த வாரம் ஒரு பங்குதாரர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த கேள்வி, பிரிந்து வரும் சேனல் பங்கு 2.25 டாலருக்கு மேல் போகுமா என்பதுதான். போகும் என்று நம்புகிறவருக்கு 27.75-தான் பெரிய தொகை.

சரி, பணம் எந்த வடிவில் வருகிறது? எனக்குத் தெரிந்து பலரும் சறுக்குவது இங்கேதான். 2016 அக்டோபரில் தொலைபேசி நிறுவனமான ஏடி&டி, டைம் வார்னரைப் பங்குக்கு 107.50 டாலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. பாதி ரொக்கம், பாதி ஏடி&டி பங்கு. அடுத்த வர்த்தக நாளில் டைம் வார்னர் பங்கு 90 டாலருக்குக் கீழேயே முடிந்தது. அரசு தடுக்கும் என்ற பயம். பயம் பொய்க்கவில்லை. 2017 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை (அரசின் அமைச்சகம், நீதிமன்றம் அல்ல) வழக்குப் போட்டது. 2018 ஜூன் 12 அன்று நீதிமன்றம் அனுமதித்து, இரண்டு நாளில் பேரம் முடிந்தது. இருபது மாதம் பொறுத்தவர்களுக்கு 107.50 கிடைத்ததா என்றால், இல்லை. ரொக்கம் 53.75 வந்தது. பங்குப் பகுதிக்கு ஒரு விலை வரம்பு போட்டிருந்தார்கள். அதற்குள் இருக்கும்வரை 53.75 டாலர் மதிப்பு வரும்படி பங்கு எண்ணிக்கை கூடிக் குறையும்; ஏடி&டி விலை அந்த வரம்புக்குக் கீழே போய்விட்டதால், ஒரு டைம் வார்னர் பங்குக்கு 1.437 ஏடி&டி பங்கு என்று எண்ணிக்கை நின்றுவிட்டது. அன்றைய விலையில் எல்லாம் சேர்த்து சுமார் 100 டாலர்தான். அப்படியும் 90-க்குக் கீழே வாங்கியவர்களுக்கு லாபமே. தலைப்புச் செய்தியில் வரும் விலையும் கணக்கில் விழும் பணமும் வேறுவேறாக இருக்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

அந்தத் தீர்ப்பு இன்னொரு ஏலத்தையும் கிளப்பிவிட்டது. ஃபாக்ஸின் பெரும்பகுதியை 5,240 கோடி டாலருக்கு வாங்க டிஸ்னி 2017 டிசம்பரிலேயே ஒப்பந்தம் போட்டிருந்தது. தீர்ப்பு வந்த மறுநாளே அமெரிக்க கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் 6,500 கோடி, அதுவும் முழு ரொக்கம் என்று நுழைந்தது. ஒரே வாரத்தில் டிஸ்னி 7,130 கோடிக்கு ஏற்றியது. பங்குக்கு 28 டாலரில் தொடங்கியது 35 ஆகி 38-இல் வந்து நின்றது. அந்த ஜூன் 27-ஆம் தேதி, 22 வட்டார விளையாட்டுச் சேனல்களை விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு டிஸ்னிக்கு நீதித்துறை பச்சைக்கொடி காட்டியது. அனுமதி கையிலிருப்பவரோடு விலையில் மட்டும் மோதிப் பயனில்லை. ஜூலையில் காம்காஸ்ட் விலகிக்கொண்டது. ஆகவே உங்கள் நிறுவனத்தைக் கேட்பவர்களில் யாருக்கு அனுமதி சுலபம் என்று பாருங்கள். ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு ஸ்டுடியோக்கள் சேர்ந்தால் கேள்விகள் அதிகம் வரும்.

அனுமதி கிடைத்தாலும் கவிழும் பேரங்கள் உண்டு. சோனி – ஜீ இணைப்புக்குப் போட்டி ஆணையமும் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமும் சம்மதித்திருந்தன. நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 2024 ஜனவரி 22 அன்று சோனி முறித்துக்கொண்டது. மறுநாள் ஒரே நாளில் ஜீ பங்கு 30 சதவீத அளவுக்குச் சரிந்தது.

பேரம் முறிந்தால் ஒரு தரப்பு மற்றதுக்குத் தர வேண்டிய முறிவுக் கட்டணம் இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். அந்த நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தத்தில், அரசு தடுத்தால் நெட்ஃபிளிக்ஸ் 580 கோடி டாலர் தர வேண்டும், வார்னர் வேறு கைக்கு மாறினால் வார்னர் 280 கோடி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், உங்கள் பாக்கெட்டுக்கு வராது. ஆனாலும் அதில் ஒரு தகவல் இருக்கிறது: பெரிய கட்டணத்துக்கு வாங்குபவர் ஒப்புக்கொண்டால், முடித்துவிடலாம் என்று அவர் நம்புகிறார்.

உங்களிடம் இருப்பது எந்த வகைப் பங்கு என்பதையும் பார்த்துவிடுங்கள். பாராமவுண்டை ஸ்கைடான்ஸ் தன்னோடு சேர்த்துக்கொண்ட பேரத்தில், வாக்குரிமை உள்ள பாராமவுண்ட் ஏ பங்குக்கு 23 டாலர். வாக்கில்லாத பி பங்குக்கு 15. மீடியா குடும்பங்கள் வாக்கைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு வாக்கில்லாத பங்கை விற்பது பழைய வழக்கம். அதே பேரத்தில் பி பங்குக்கான மொத்த ரொக்கத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் எல்லோரும் ரொக்கம் கேட்டால் பங்கீடு செய்துதான் தருவார்கள். மீதிக்குப் பங்கு வரும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியைச் சந்தையிலேயே விற்பேன். மிச்சத்தை, முறிந்து பழைய விலைக்கே விழுந்தாலும் வைத்திருக்க மனம் ஒப்பினால் மட்டும் வைத்துக்கொள்வேன். பதிலாக வருவது ஜெயித்தவரின் பங்கு என்றால் இன்னும் யோசிப்பேன். 2018 செப்டம்பரில் ஸ்கை என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக நடந்த ஒருநாள் ஏலத்தில் காம்காஸ்ட் பங்குக்கு 17.28 பவுண்ட் சொல்லி ஜெயித்தது. தோற்ற ஃபாக்ஸ் சொன்னது 15.67. ஸ்கை பங்கை விற்றவர்களுக்குக் கொண்டாட்டம். நான்கு ஆண்டு கழித்து, ஸ்கைக்கு அவ்வளவு மதிப்பில்லை என்று காம்காஸ்ட் தன் கணக்குப் புத்தகத்தில் 860 கோடி டாலரைக் குறைத்து எழுதியது.

கடைசியாக, சலுகை ஆவணத்தில் இருக்கும் கடைசித் தேதியை அப்படியே நம்பாதீர்கள். தரகு நிறுவனங்கள் உள்ளுக்குள் அதற்கு முன்பே ஒரு தேதி வைத்திருக்கும். அது என்ன, படிவம் அனுப்பாவிட்டால் எது கிடைக்கும், ஒப்புக்கொடுத்த பிறகு இன்னொருவர் விலையை ஏற்றினால் பங்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்ற மூன்றையும் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.