தட்டைத் தள்ளுவது வலி, கோபம் அல்ல

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. தொண்டைப் புற்றுநோய்க்கு 35 கரண்ட் (கதிர்வீச்சு), வாரம் ஒரு கீமோ என்று சொல்லி, 17 கரண்ட் முடிந்திருக்கிறது. எதைச் சமைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிடுகிறார். 4 கிலோ குறைந்துவிட்டார். சாப்பாடு கொடுக்க மூக்கில் குழாய் போடச் சொன்னதற்கும் மறுக்கிறார். என் சமையலில்தான் குறையா?

பதில்: சமையலில் ஒரு குறையும் இல்லை அம்மா. கதிர்வீச்சில் வாயும் தொண்டையும் உள்ளே புண்ணாகி, எச்சில் கோந்து மாதிரி ஆகி, நாக்கில் ருசியும் போயிருக்கும். வழக்கமான ரசம்கூட அவருக்கு இப்போது நெருப்புதான். பொதுவாக மூன்றாவது வாரத்தில் தொடங்கும் இந்தப் புண், கடைசி கரண்ட் முடிந்தும் ஒன்றிரண்டு வாரம் படுத்திவிட்டுத்தான் ஆறத் தொடங்கும்.

அதனால் முதலில் வலியைக் கவனியுங்கள். டாக்டர் கொடுத்த வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். அதிலும் அடங்கவில்லை என்றால் "பொறுத்துக்கொள்கிறார்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லி மருந்தைக் கூட்டச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது கொப்பளிக்கட்டும், விழுங்க வேண்டாம். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது.

மூன்று வேளைக் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் ஆறின ராகிக் கஞ்சி, பாலில் ஊறின இட்லி, நெய் விட்டுக் குழைத்த பருப்புசாதம், அவித்த முட்டையை மசித்து, இப்படி எது இறங்குகிறதோ அது. காரம், புளி, முறுக்கு, எலுமிச்சை வேண்டாம். (சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

குழாய் என்றதும் "கடைசிக் கட்டம்" என்று பயப்படுகிறார்கள், நான் தினமும் பார்க்கிறேன். அப்படி இல்லை. எடை இறங்கி உடம்பு தாங்காமல் நடுவில் கரண்டை நிறுத்துவதுதான் ஆபத்து, சிகிச்சையின் பலனே குறையும். புண் ஆறி, சாப்பாடு இறங்கத் தொடங்கினால் குழாயை எடுத்துவிடலாம். குழாய் இருந்தாலும், புரை ஏறவில்லை என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் தண்ணீரை விழுங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தொண்டைத் தசை வேலையை மறந்துவிடும். இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட டாக்டரே சொல்லட்டும், உங்களுக்குள் சண்டை வராது.

குரல் கம்மியிருந்தால் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்காமல், "கஞ்சியா, பாலா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்.

தாளிப்பு வாசனை அவருக்குப் படக்கூடாது என்று நீங்கள் பட்டினி கிடக்கவும் வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி 2 மணியானாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.