நூலகர் பதில்கள்: கட்டப்போகும் பல்கலைக்கழக நூலகம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிய பல்கலைக்கழக நூலகம் பற்றியவை. வேலைக்காலம் முழுவதும் நூலகத்திலேயே இருந்தவன் நான், எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது. அதனால் மற்றக் கேள்விகள் அடுத்த இதழில்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய நூலகக் கட்டடம் வருகிறது. வரைபடம் ஏறக்குறைய முடிந்துவிட்டதாம். நூலகத்தில் இருக்கும் எங்களை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. நாங்களே போய்க் கேட்டால், எதைக் கேட்பது?
_ஓர் உதவி நூலகர்_

நாளைக்கே போங்கள். கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் அடித்தளம் போட்டுவிடுவார்கள்.

முதல் கேள்வி, எந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்பது. ஒரு மீட்டர் நீளத் தட்டு நிறையப் பாடநூல்கள் வைத்தால் சுமார் 30 கிலோ வரும். தரையிலிருந்து மேல்வரை இருபக்கமும் நிரம்பிய ஓர் அலமாரி 350 கிலோவைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். அமெரிக்கக் கட்டட விதிகளில் வாசிப்பறைக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 290 கிலோ போதும், புத்தக அலமாரிகள் நிற்கும் அறைக்கு சுமார் 730 கிலோ வேண்டும். தண்டவாளத்தில் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அலமாரி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடுவது வழக்கம். உங்கள் நாட்டு விதி எதுவானாலும் இந்த வித்தியாசம் இருக்கும். ஆகவே 'இப்போதைக்கு இது வாசிப்பறை, பின்னால் அலமாரி போட்டுக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அந்தத் தளத்தின் தாங்குதிறனை எழுத்தில் வாங்குங்கள். பத்து வருடம் கழித்துப் புத்தகம் பெருகும்போது அந்தக் காகிதம்தான் உங்களுக்குத் துணை.

அடுத்தது தூண்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. இருபக்க அலமாரியின் அகலம் 60 சென்டிமீட்டர், நடைவழி 90 சென்டிமீட்டர் என்று வைத்தால், வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர். தூண்கள் 7.5 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால் நடுவே ஐந்து வரிசைகள் கச்சிதமாக உட்காரும், தூணும் அலமாரி வரிசைக்குள் அடங்கிவிடும். 7 மீட்டருக்கு ஒன்று என்றால் நடைவழியில் போய்த் தூண் நிற்கும். வரைபடத்தில் அரை மீட்டர்தான். தள்ளுவண்டியோடு அந்த வழியில் போகிறவருக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அந்த அரை மீட்டர்தான் எல்லாம்.

மூன்றாவது, வெயில். பாரிஸில் 1996இல் திறந்த பிரெஞ்சு தேசிய நூலகத்தைப் பாருங்கள். திறந்து வைத்த புத்தகம் போல நான்கு கண்ணாடிக் கோபுரங்கள், அவற்றுக்குள்ளே புத்தகக் கிடங்கு. வெயில் காகிதத்தைக் கெடுக்கும் என்று அப்போதே பெரிய எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் ஜன்னல்களுக்கு உள்புறம் மரத்தடுப்புகள் வைத்தார்கள். அதற்கு முப்பது வருடம் முந்தி, 1963இல், யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி அரிய நூல்கள் நூலகத்தில் ஜன்னலுக்குப் பதிலாக மெல்லிய பளிங்குப் பலகைகள் பதித்திருந்தார்கள். சுமார் மூன்று சென்டிமீட்டர் கனம். வெளிச்சம் கசிந்து உள்ளே வருகிறது, நேர் வெயில் வருவதில்லை. அவ்வளவு செலவு செய்ய எல்லாராலும் முடியாது. ஜன்னல் ஓரத்தை மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டு, அலமாரிகளை உட்பக்கம் தள்ளுவது எல்லாராலும் முடியும்.

புத்தகங்களின் எடையைக் கணக்கில் எடுக்க மறந்ததால் ஒரு பல்கலைக்கழக நூலகம் வருடா வருடம் மண்ணுக்குள் இறங்குகிறதாமே, உண்மையா?
_ஒரு கட்டடவியல் மாணவர்_

கதை. பல வளாகங்களில் அந்தந்த ஊர் நூலகத்தைப் பற்றியே சொல்லிக்கொள்வார்கள். இந்தியானா பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றியும் உண்டு, அந்தக் கட்டடம் நிற்பதோ சுண்ணாம்புப் பாறை மேல்.

நிஜமான ஆபத்து தண்ணீர். 1997 ஜூலையில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளம் புகுந்தபோது மார்கன் நூலகத்தின் அடித்தளத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் நனைந்தன. 2004இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் நூலகத்துக்கும் இதே கதி. நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், அதனால்தான் அவற்றை உடனே உறைய வைக்கிறார்கள். கையெழுத்துப் பிரதியையும் வரைபடத் தொகுப்பையும் தரைக்குக் கீழே வைக்கச் சம்மதிக்காதீர்கள். மேல் தளத்திலும் அவற்றின் தலைக்கு மேலே கழிவறைக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பழைய கட்டடத்திலிருந்து புதியதற்கு இரண்டு லட்சம் புத்தகங்கள் போக வேண்டும். மூன்று துறை நூலகங்களையும் இதோடு சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
_ஒரு நூலகர்_

அம்மா, புத்தகங்களை எண்ணுவதை விடுங்கள், அளவு நாடாவைக் கையில் எடுங்கள். இடமாற்றத்தில் கணக்கு மீட்டரில்தான்.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி எண்முறையில் 510 முதல் 519 வரை, அதாவது கணிதம், உங்களிடம் 42 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். புதிய தட்டு ஒவ்வொன்றும் 90 சென்டிமீட்டர். முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு மட்டும் வைத்தால் தட்டுக்கு 67.5 சென்டிமீட்டர். அப்படியானால் 63 தட்டுகள் வேண்டும். அலமாரியில் மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் காலியாக விட்டு நடுவில் ஐந்து தட்டுகளை மட்டும் பயன்படுத்தினால், அலமாரியின் 13 பக்கங்கள். இதை ஒவ்வொரு பிரிவுக்கும் போட்டு, புதிய கட்டடத்துக் காலி அலமாரிகளில் 'இங்கே தொடங்கி இங்கே முடியும்' என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். முதல் பெட்டி கிளம்புவதற்கு முன்பே கடைசிப் புத்தகத்தின் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

விட்டுவைக்கும் இடமும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவாக வேண்டாம். அச்சிதழ் வாங்குவது நின்றுபோன துறைக்கு வளர்ச்சியே இல்லை, அங்கே நெருக்கி வைக்கலாம். 'நூலகம் ஒரு வளரும் உயிரி' என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்தாம் விதி, கையில் நாடாவோடு நிற்கும்போது நன்றாகவே புரியும்.

துறை நூலகங்களைச் சேர்ப்பதுதான் இதில் கடினம். பழைய இடத்திலேயே அடுக்கிச் சேர்த்துவிட்டுக் கிளம்ப முடிந்தால் அதுவே நல்லது. இடமில்லை என்றால், நான்கு வரிசைகளையும் தனித்தனியாகக் கொண்டுபோய், ஒவ்வொரு தட்டிலும் மற்ற மூன்றுக்கும் இடம் விட்டு வைத்து, அங்கே கோத்துக்கொள்ளுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரே முதுகுச்சீட்டு முறை, ஒரே பட்டியல். ஒரு துறை டியூயி எண்ணிலும் இன்னொரு துறை சொந்த எண்ணிலும் வைத்திருந்தால் அந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

பெட்டிகளுக்குத் தொடர் எண் போடுங்கள், அந்த எண் வரிசையிலேயே இறங்க வேண்டும். இறக்கும் இடத்தில் உங்களில் மூத்தவர் ஒருவர் நிற்கட்டும், ஏற்றும் இடத்தை இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தூசியைப் பழைய இடத்திலேயே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அப்புறம், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஆசிரியர்களையும் ஆய்வு மாணவர்களையும் நிறையப் புத்தகம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். திருப்பித் தரும் தேதியைத் திறப்புக்குப் பின்னால் வையுங்கள். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் உங்கள் பெட்டி இல்லாமலே வந்து சேரும்.

எல்லாம் கணினியில் கிடைக்கும்போது கட்டடம் எதற்கு என்று எங்கள் நிதிக்குழுவில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
_ஒரு பேராசிரியர்_

தேர்வுக்கு முந்தைய வாரம் இரவு எட்டு மணிக்குக் குழுவினரைப் பழைய நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். இடம் கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்களைப் பார்க்கட்டும். விடுதி அறையில் மூன்று பேரோடு இருக்கும் மாணவிக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மின் இணைப்பு, நான்கு மணி நேர அமைதி ஆகியவற்றை எந்தத் தரவுத்தளமும் தராது. புத்தகத்துக்கு இடம் குறைவுதான் சிக்கல் என்றால் அதற்கும் வழி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் 2011இல் திறந்த மான்சுவேட்டோ நூலகத்தில் 35 லட்சம் தொகுதிகள் வரை தரைக்கு அடியில் அடங்கும். இயந்திரக் கரம் சில நிமிடத்தில் எடுத்துத் தருகிறது. மேலே கண்ணாடிக் கூரைக்குக் கீழே மாணவர்கள் படிக்கிறார்கள்.

புது நூலகத்தில் அமைதி நிலவ என்ன செய்ய வேண்டும்?
_ஒரு முனைவர் பட்ட மாணவி_

'அமைதி' என்று பலகை மாட்டிப் பயனில்லை. வாசல், கவுன்ட்டர், நகல் எடுக்கும் இயந்திரம், குழுவாகப் பேசும் அறை எல்லாம் கீழே இருக்கட்டும். மேலே ஏற ஏறச் சத்தம் குறையட்டும். தளங்களை ஒன்றாகத் திறந்து விடும் பெரிய நடுமுற்றம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கீழே ஒருவர் இருமினால் நான்காம் தளத்தில் கேட்கும். வைப்பதானால் மேல்தளங்களில் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியால் அடைக்கச் சொல்லுங்கள்.

திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது. விழாவுக்கு முன் நாங்கள் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?
_ஒரு நூலக உதவியாளர்_

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிடுங்கள். அந்தக் கட்டடத்தை இதுவரை பார்த்திராத முதலாண்டு மாணவர்கள் சிலரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்து, பட்டியலில் தேடிப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். நீங்கள் வழி சொல்லாமல் பின்னாலேயே நடங்கள். அவர்கள் எந்தத் திருப்பத்தில் நின்று சுற்றிப் பார்க்கிறார்களோ, அங்கே ஒரு வழிகாட்டிப் பலகை வேண்டும். பார்வையற்ற மாணவர் ஒருவரையும் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும் கட்டாயம் அழையுங்கள். கதவின் கனம், மின்தூக்கிப் பொத்தானின் உயரம், கவுன்ட்டரின் உயரம் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரர் வளாகத்தை விட்டுப் போவதற்குள் அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.