பின்னால் வந்து நின்ற தெய்வம்

அன்புள்ள அக்கா,

நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். வயது 44, பள்ளி ஆசிரியை. போன மாதம் அழகர்மலை அடிவாரத்தில் ஒரு தோப்பு வீட்டில் நடந்த நான்கு நாள் முகாமுக்குப் போனேன். பழங்கதைகள் வழியாக நம்மை நாமே மாற்றிக்கொள்ளும் பயிற்சி என்றார்கள். 14,000 ரூபாய். முதல் நாளே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பகலில் மௌனம், நடை, களிமண்ணில் உருவம் செய்வது. ராத்திரி தீ மூட்டி, சுற்றி உட்காரவைத்துக் கண்ணகி கதை சொன்னார்கள். அவ்வளவு நன்றாகச் சொன்னார்கள் அக்கா.

மூன்றாம் நாள் ராத்திரி ஒவ்வொருவராக எழுந்து ‘நான் கண்ணகி’ என்று சொல்லி, தன்னுடைய உடைந்த சிலம்பு எது என்று சொல்லவேண்டும். நான் என் தம்பி இறந்ததைச் சொன்னேன். பதினோரு வருஷமாக யாரிடமும் வாய் திறக்காத விஷயம். நடுவில் நிறுத்தப் பார்த்தேன். ‘இன்னும், இன்னும்’ என்றார்கள். 22 பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாள், ‘உங்கள் மதுரையை எரித்துவிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் உடம்பே லேசாக இருந்தது. அந்தத் தைரியத்தில் மாமியாரிடம் இருபது வருஷமாக மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். மூன்று வாரமாக அவர் என்னோடு பேசுவதில்லை. அவர் தேனூர்க்காரர். சித்திரை வந்தால் அழகர் கதைதான், ஆயிரம் தடவை கேட்டாயிற்று. இப்போது அதுவும் இல்லை, வீடு அமைதியாகக் கிடக்கிறது. என் பழைய மனசு திரும்பி வந்துவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. முகாமில் இரண்டாம் கட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே எனக்கு நடந்த மாற்றம் நிஜமா? மறுபடி போகலாமா? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் தூக்கம், மற்றதெல்லாம் அப்புறம். மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்றால் அதற்கு மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும். நம் பெரியாஸ்பத்திரியில், அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்தும் டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அந்த மாற்றம் நிஜமா என்று கேட்கிறீர்கள். நிஜம்தான். ஆனால் எந்த மாதிரி நிஜம் என்று யோசித்தபோது எனக்கு முளைப்பாரி ஞாபகம் வந்தது. நான் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். அம்மன் கோவிலில் காப்புக் கட்டியதும் சட்டிகளில் எருவும் வைக்கோலும் போட்டு, பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை என்று தூவி, வெளிச்சம் படாத ஒரு வீட்டுக்குள் வைப்பார்கள். ராத்திரியானால் பெண்கள் கூடிக் கும்மி கொட்டிப் பாடுவார்கள். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட எங்கள் அப்பத்தா என்னை விட்டதே இல்லை. வெளியே எடுக்கும் நாளில் பார்த்தால் ஒரு முழம் வளர்ந்து நிற்கும். வயலில் அத்தனை சீக்கிரம் அந்த உயரம் வராது. இருட்டில் முளைத்த பயிர் வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும், பச்சையம் பிடிக்காது, அதனால்தான் அந்த வெளிர் மஞ்சள். அதைக் கொண்டுபோய் வயலில் நட்டு வெள்ளாமை எடுக்க யாரும் நினைப்பதில்லை. தலையில் சுமந்து ஊரைச் சுற்றி வந்து கண்மாயில் கரைத்துவிட்டு வீடு திரும்புவோம். அதற்காக அது பொய்ப் பயிரா? இந்த வருஷம் மழை எப்படி என்று பெரியவர்கள் அதைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

உங்களுடைய நான்கு நாளும் அப்படி வளர்ந்த முளைதான். கரைத்துவிட்டு வரவேண்டியதை நேரே கொண்டுபோய் அடுப்படியில் நடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இருக்கும் முதல் வருத்தம் இது.

இந்த முகாம்களுக்கு அடிப்படையாக ஒரு பழைய யோசனை இருக்கிறது. 1909-இல் ஆர்னல்ட் வான் கென்னப் என்ற அறிஞர் உலகெங்கும் உள்ள பூப்பு, கல்யாணம், சாவுச் சடங்குகளை ஒப்பிட்டு, அவற்றில் பிரிதல், இடையில் நிற்றல், திரும்பிச் சேர்தல் என்று மூன்று கட்டம் இருப்பதாக எழுதினார். அமெரிக்கரான ஜோசப் கேம்பெல் 1949-இல் வந்த தன் புத்தகத்தில் புராண நாயகர்களின் பயணத்தையும் அதே மூன்றாகப் பிரித்தார். அங்கிருந்துதான் இந்தப் பயிற்சிகள் கிளைத்தன. இரண்டு பேருமே திரும்பி வருவதைத் தனிக் கட்டமாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஊரே சேர்ந்து காப்புக் கட்டும், ஊரே சேர்ந்து அவிழ்க்கும். நீங்கள் திரும்பி வந்தபோது உங்கள் வீட்டில் யாரும் காப்புக் கட்டியிருக்கவில்லை. உங்கள் மாமியாருக்கு அது சாதாரண வியாழக்கிழமை.

இப்படிப்பட்ட முகாம்களில் கதை சொல்ல நானும் இரண்டு முறை போயிருக்கிறேன், சிறுமலைப் பக்கம். முதல் முறை நான் கண்ணகி கதையை முடித்த நேரம் கரண்ட் போய்விட்டது. யாரும் ஒன்றும் பேசாமல் எழுந்து படுக்கப் போனார்கள். காலையில் ஒருவர் என்னிடம் வந்து, “அந்தப் பொற்கொல்லனுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்குமா?” என்று கேட்டார். கூடப் பிறந்தவர்களின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டவர் அவர் என்று கிளம்பும் நாளில் அவரே சொன்னார். இரண்டாம் முறை, கதை முடிந்த மறு நிமிஷம் அமைப்பாளர் எழுந்து, “இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொண்டீர்கள்?” என்று வரிசையாகக் கேட்டார். எல்லோரும் நல்ல பதில் சொன்னார்கள். அவர்கள் முகங்கள் மூடிக்கொள்வதை நான் பார்த்தேன். அதன் பிறகு நான் போகவில்லை.

சரி, ‘உங்கள் மதுரையை எரித்துவிடுங்கள்’ என்றார்களே, அதற்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தை முழுசாகப் படித்த ஒருவர் அதைச் சொல்லியிருக்க முடியாது. கண்ணகி தீயை ஏவும்போதே முதியவர்களையும் குழந்தைகளையும் தொடாதே என்று சொல்லித்தான் ஏவுகிறாள். அப்படியும் அந்த நெருப்பு யார் யாரைத் தொட்டது என்று வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதையில் வருகிறது. தன் வீட்டில் இடம் கொடுத்து, சமைக்கப் பாத்திரம் பண்டம் கொடுத்த ஆயர்குல மாதரி, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து சாகிறாள். வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர்விடுகிறார். பிறகு கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். செய்தவன் ஒருவன், செத்தது ஆயிரம் பேர். முகாமில் எல்லோரும் கண்ணகியாக எழுந்து நின்றீர்கள். மாதரியாக ஒருவரையாவது நிற்கச் சொல்லியிருக்கலாம்.

கண்ணகிக்கும் அந்த நெருப்பால் மனசு லேசாகவில்லை. எரியும் ஊரின் தெருக்களில் நிலைகொள்ளாமல் சுற்றுகிறாள். அப்போது மதுராபதி வருகிறாள், இந்த ஊரின் காவல் தெய்வம். கட்டுரை காதையில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். ஊரையே காக்கிற தெய்வம், இந்தப் பெண்ணுக்கு முன்னால் வரத் துணியாமல் பின்னால் வந்து நிற்கிறது. நான் சொல்வதைக் கொஞ்சம் கேள் அம்மா என்று கெஞ்சுகிற குரலில் தொடங்குகிறது. கண்ணகி முகத்தை மட்டும் வலது பக்கம் திருப்பி, என் பின்னால் வருகிற நீ யார், என் துயரம் உனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். தெரியும் என்கிறாள் மதுராபதி. பிறகு கதை சொல்கிறாள்.

நீங்கள் போன முகாமுக்கெல்லாம் மூத்த முகாம் அது, தங்கச்சி. மதுரைத் தெருவில், துக்கம் தாங்காத ஒரு பெண்ணுக்கு ஒரு தெய்வம் கதை சொல்லித் தேற்றுகிறது. என்ன கதை சொல்கிறது? கண்ணகியின் கதையைச் சொல்லவே இல்லை. நீலி என்ற இன்னொருத்தியின் கதையைச் சொல்கிறது. கலிங்கத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகப் பிடித்துக்கொடுத்துக் கொல்ல வைக்கிறான் பரதன் என்பவன். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக அழுது அலைந்து, மலையேறி விழுந்து உயிர்விடுகிறாள், சாபமிட்டுவிட்டு. அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்தவன் என்கிறது தெய்வம். தன்னைப் போலவே கணவனைப் பொய்ப்பழிக்குப் பறிகொடுத்த ஒருத்தி முன்பே இருந்தாள், அவள் அழுததற்குக் காரணம் தன் கணவன் என்று கண்ணகிக்கு அந்தத் தெருவில்தான் தெரிகிறது. முன்வினைக் கணக்கு சரியா தவறா என்ற விவாதம் எனக்கு இங்கே முக்கியமில்லை. அந்தக் கதை கண்ணகியை இன்னொரு பெண்ணின் பக்கம் திருப்பிவிடுகிறது, அதுதான் முக்கியம். கேட்டு முடித்ததும் அவளுக்கு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கொற்றவை கோவில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு, மேற்கு வாசல் வழியாக வெளியேறி வைகைக்கரையோடு நடக்கிறாள். ஊரை எரிப்பது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்களைத் தீ வெளிச்சத்தில் நிறுத்தி, 22 முகங்களுக்கு நடுவே, நிறுத்தப் பார்த்தபோதும் ‘இன்னும்’ என்றார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினோரு வருஷம் வாய் திறக்காதவர் நிறுத்த நினைத்தால் நிறுத்த விடவேண்டும். பெரிய துக்கத்தை ஒரே மூச்சில் சொல்லவைத்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பழசு. விபத்தில் தப்பியவர்களிடம் அப்படிச் செய்து பார்த்ததில் பலன் கிடைக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆனது. தம்பியைப் பற்றிப் பேச ஆசை இருந்தால் எழுதிப் பாருங்கள். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களைத் தனியறையில் உட்காரவைத்து, தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிஷம், தங்களை மிகவும் வருத்திய சம்பவத்தை எழுதச் சொன்னார். எழுதிய கையோடு மனசு கனக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலன் சிறியது என்று சொல்கின்றன. சிறியது போதும். தூக்கம் கொஞ்சம் சீரான பிறகு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுதியதை யாரிடமும் காட்டவேண்டாம்.

இரண்டாம் கட்டத்துக்கு இப்போது போகாதீர்கள். நீங்கள் தங்கிய அதே அழகர்மலைக்குச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் உண்டு. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்கிறான். இடப்பக்கத்து வழியில் திருமால்குன்றம் இருக்கிறது, அங்கே மூன்று பொய்கைகள், ஒன்றில் குளித்தால் ஐந்திரம் என்ற இலக்கண நூல் தெரிந்துவிடும், இன்னொன்றில் முற்பிறப்பு விளங்கிவிடும், மூன்றாவதில் நினைத்ததெல்லாம் கைகூடும் என்கிறான். கவுந்தியடிகள் அவனைத் திட்டவில்லை. போன பிறப்பில் செய்ததை இந்தப் பிறப்பில் நடப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே, பொய் சொல்லாமல் உயிர்களைப் பேணுகிறவர்களுக்குக் கிடைக்காத பொருள் எது என்று கேட்டுவிட்டு, நீ உன் தெய்வத்தைப் போய்ப் பார், நாங்கள் எங்கள் வழியில் போகிறோம் என்கிறார். முகாம்காரர்களுக்கும் அதே தொனியில் பதில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்ல கதைசொல்லி அங்கே இருந்திருக்கிறார், அது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

மாமியாரிடம் உடனே மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொல்லமாட்டேன். இருபது வருஷம் மனசில் கிடந்ததில் நியாயம் இருக்கும். ஆனால் அவர் தேனூர்க்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகர் முன்பெல்லாம் தேனூரில்தான் வைகையில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றினார் என்று சொல்வார்கள். நாயக்கர் காலம் 17-ஆம் நூற்றாண்டு. முன்னூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஊர்க்காரர்கள் ‘எங்க ஊர்ல இறங்கின சாமி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மாமியார் அதை முதலில் எந்த வயதில் கேட்டார், யார் சொன்னார்கள், அந்த வீட்டை விட்டுக் கல்யாணமாகி வந்த வருஷம் சித்திரைக்கு அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்களா? இதையெல்லாம் நீங்கள் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

காலையில் அவருக்குக் காபி கொடுக்கும்போது கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு மலையிலிருந்து புறப்பட்டு வந்து, வழியெல்லாம் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நேரமாகி, ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்து, தங்கச்சி முகத்தைப் பார்க்காமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிற அண்ணனின் கதை அது. அதை இந்தத் தடவை அவர் வாயால் முழுசாகக் கேளுங்கள், நடுவில் எதுவும் சொல்லாமல்.

அன்புடன்,
அக்கா