வாசகர் கேள்வி பதில்: பழைய மேசை வாளுக்கு உதிரிப்பாகங்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தச்சுக் கூடத்தில் முன்னர் பயன்பட்ட 12 அங்குல மேசை வாள் ஒன்று பழைய இரும்பாக விற்கப்பட்டபோது என் தகப்பனார் அதை வாங்கி வைத்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்பதைத் தவிர வேறு விபரம் தெரியவில்லை. பெயர்த் தகடும் இல்லை. வாள் சுழலும் தண்டின் பெயாரிங் கரகரக்கிறது. வாளைச் சாய்க்கும் பல்வளைவில் இரண்டு பற்கள் உடைந்துள்ளன. ஒரு கைச்சக்கரமும், வாளுக்குப் பின்னால் நிற்க வேண்டிய பிளவுத் தகடும் இல்லை. மூன்று பேஸ் மோட்டார் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஒற்றைப் பேஸ் மின்சாரமே உண்டு. கேட்ட கடைகளில் எல்லாம், இதற்குப் பாகம் கிடைக்காது, நிறைக்கு விற்றுவிடுங்கள் என்கிறார்கள். உங்கள் ஆலோசனை என்ன?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: விற்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களில் மேசைத் தட்டிலோ, தண்டைத் தாங்கும் வார்ப்பிலோ வெடிப்பு எதுவும் தெரியவில்லை. ஒரு மேசை வாளில் இழந்தால் மீட்க மிகவும் கடினமானவை இவை இரண்டும்தான். அவை நலமாக இருக்கும்போது மற்றவற்றுக்காக இயந்திரத்தைக் கைவிடுவது தகாது. பெயாரிங், பெல்ட், மோட்டார் ஆகியவற்றை வாள் செய்த கம்பனிகள் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. வெளியில் விற்ற பொது அளவுகளையே வாங்கிப் பொருத்தின. ஆகவே கடையில் இயந்திரத்தின் பெயரைச் சொல்லிப் பாகம் கேட்டால் இல்லை என்பார்கள். பாகத்தின் அளவைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

முதலில் இயந்திரத்தின் அடையாளத்தைத் தேடுங்கள். லெஸ்டர் நகரில் 1897இல் தொடங்கிய வாட்கின், ரொச்டேல் நகரின் ரொபின்சன் போன்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் வார்ப்பிலேயே பெயரைப் புடைப்பாக விட்டதும், இயந்திர எண்ணை இரும்பில் நேரடியாகப் பொறித்ததும் உண்டு. மேசையின் விளிம்புகளையும் உட்புற வார்ப்புகளையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். மாதிரியின் பெயர் தெரிந்துவிட்டால், பழைய வாட்கின் இயந்திரங்கள் பலவற்றின் கைந்நூல்களை ஆர்வலர்கள் இணையத்தில் ஏற்றியிருப்பதால், பாகங்களின் வரைபடமே உங்கள் கைக்கு வந்துவிடக்கூடும்.

இனி பெயாரிங். பெரும்பாலோர் இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெயாரிங்கின் பக்கவாட்டில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்குங்கள். உள்துளை 25 மில்லிமீற்றர் என்று கிடைக்கும். அதன் வெளிவிட்டம் 52 மில்லிமீற்றர், அகலம் 15 மில்லிமீற்றர். இது எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் பலவற்றில் அங்குல அளவுப் பெயாரிங்குகள் பூட்டப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, ஆர்.எல்.எஸ். 8 என்ற வகைக்கு உள்துளை 1 அங்குலம், வெளிவிட்டம் 2¼ அங்குலம், அகலம் ⅝ அங்குலம். 1 அங்குலம் என்பது 25.4 மில்லிமீற்றர் ஆகையால், கையிருப்பில் உள்ள 6205 தண்டில் ஏறாது. அப்போது பட்டறைக்காரர், தண்டை 0.4 மில்லிமீற்றர் கடைந்துவிட்டால் போதும், வெளியே ஒரு வளையம் போட்டுச் சரிக்கட்டலாம் என்று சொல்வார். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். வாள் தட்டு அசையாமல் ஓடுவது அந்தத் தண்டு நேராகவும் அளவாகவும் இருப்பதில்தான் தங்கியுள்ளது. ஒருமுறை கடைந்த தண்டில் சரியான பெயாரிங் பின்னர் கிடைத்தாலும் பொருத்த முடியாது. அங்குல அளவுப் பெயாரிங்குகள் இன்றும் உற்பத்தியாகின்றன. கொழும்பில் பெயாரிங் இறக்குமதி செய்பவர்களிடம் பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, கிடைக்காவிட்டால் வரவழைத்துத் தரும்படி கேளுங்கள். சில வாரங்கள் காத்திருப்பது தண்டைக் கெடுப்பதைவிட மேலானது. இருபுறமும் றப்பர் மூடியிட்ட வகையையே வாங்குங்கள். மரத்தூளையும் நம் மலைப்பகுதியின் ஈரத்தையும் அதுதான் ஓரளவு தடுக்கும். ஏற்றும்போது தண்டோடு ஒட்டும் உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் புதிய பெயாரிங் அன்றே பழுதாகிவிடும்.

கொழும்பின் பஞ்சிகாவத்தையில் வாகனப் பாகங்களோடு பெயாரிங்குகளும் பெல்ட்டுகளும் கிடைக்கும். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனினும் மர இயந்திரத்துக்கே உரிய பொருள் தேவைப்பட்டால் மொறட்டுவைக்கு ஒருமுறை போய் வருவது நல்லது. தளபாட வேலையையே பிழைப்பாகக் கொண்ட அந்த ஊரில், உங்களுடையதைப் போன்ற வாள்களைப் பழுதுபார்க்கும் பாஸ்மாரைச் சந்திக்க வாய்ப்பு அதிகம்.

உடைந்த பற்களுக்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளின் ரோலர்களையும் உலர்த்திகளையும் பழுதுபார்த்துப் பழகிய கடைசல் பட்டறைகள் நம்மிடையே இருக்கின்றன. பழைய ஆங்கிலேய வார்ப்பிரும்பு அவர்களுக்குப் புதிதல்ல. பல்வளைவைக் கழற்றி, உடைந்த இடத்தைச் சூடாக்கிப் பித்தளையால் நிரப்பி, அருகிலுள்ள நல்ல பல்லின் வடிவத்துக்கு அராவி எடுக்கலாம். கையால் மெதுவாகச் சுழற்றப்படும் பாகம் என்பதால் அது தாங்கும். பற்றவைத்த பின் உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். குளிர்ந்த காற்று பட்டால் வார்ப்பு வெடிக்கும். புதிதாகவே வெட்டுவதென்றால், ஆங்கிலேயப் பற்சக்கரங்கள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை என்பதைப் பட்டறைக்காரருக்கு நினைவூட்டுங்கள். விட்டத்தின் ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பல் என்ற கணக்கு, பல்லின் பருமனை மில்லிமீற்றரில் சொல்லும் மெற்றிக் முறையில் 2.54 மொடியூல் ஆகும். 2.5 மொடியூல் வெட்டுளி பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், பல்லோடு பல் சரியாகப் பொருந்தாது.

கைச்சக்கரத்தை, எஞ்சியிருக்கும் மற்றதை மாதிரியாக வைத்து வார்க்கலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே நடுத்துளையைச் சிறிதாக விட்டு, தண்டின் அளவுக்குப் பின்னர் கடைந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பிளவுத் தகட்டை நீங்கள் பட்டியலின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைப்பேன். மலைநாட்டில் நாம் அதிகம் அறுக்கும் யூகலிப்டஸ் மரத்தினுள் வளர்ச்சியின்போதே இழுவிசை தேங்கியிருக்கும். அறுத்த பிளவு வாளுக்குப் பின்னால் மூடிக்கொண்டு தட்டை இறுக்கும். இறுகிய கணத்தில் மேலெழும் பின்பற்கள் பலகையைத் தூக்கி, வேலை செய்பவரின் வயிற்றை நோக்கி எறியும். 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பல்லின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 48 மீற்றர் என்பதை எண்ணிப் பாருங்கள். பிளவு மூடிக்கொள்ளாமல் தடுப்பதே பிளவுத் தகட்டின் வேலை. அது வாளின் உடலைவிடத் தடிப்பாகவும், வாள் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும்: உடல் 2.2 மில்லிமீற்றர், வெட்டு 3.2 மில்லிமீற்றர் என்றால் 2.5 மில்லிமீற்றர்த் தகடு பொருந்தும். கழிக்கப்பட்ட பெரிய வட்ட வாளின் உருக்கில் சரியான தடிப்பு கிடைத்தால், அதிலிருந்து வாளின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, பற்களுக்கும் அதற்கும் இடைவெளி 8 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் இறுக்கமாகப் பூட்டுங்கள். அதைப் பூட்டும் வரை, மற்ற எல்லாம் சரியாகிவிட்டாலும், இயந்திரத்தில் மரம் வைக்க வேண்டாம்.

மோட்டாரின் தகட்டில் 230/400 வோல்ட் என்று இரண்டு அளவுகளும் இருந்தால், சுருள்களின் இணைப்பை டெல்டா எனும் முக்கோண முறைக்கு மாற்றி, ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸாகத் தரும் இன்வேர்ட்டர் மூலம் ஓட்டலாம். 400 வோல்ட் மட்டும் என்றால், அதே வலுவும் அதே சுற்றும் உள்ள ஒற்றைப் பேஸ் மோட்டாரே இலகுவான வழி. எதுவானாலும் முதலில் மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சுருளின் காப்பைச் சோதிப்பியுங்கள். ஆண்டுக்கணக்கில் பனிமூட்டத்தில் கிடந்த மோட்டாருக்கு உடனே மின்சாரம் கொடுப்பது ஆபத்து.

கேள்வி: எனது பழைய வாளின் தண்டு 1 அங்குலம். கடையில் வாங்கிய காபைட் பல் தட்டின் துளையோ 30 மில்லிமீற்றர். தகரம் சுற்றி இடைவெளியை நிரப்பலாமா?
– வாசகர் ஒருவர், வெலிமடை

பதில்: கூடாது. தகரம் சுற்றிய தட்டு நடு விலகி ஓடும்; சில பற்கள் மட்டுமே வெட்டும், அதிர்வில் பல் கழன்று பறக்கவும் கூடும். 30 மில்லிமீற்றரை 25.4 ஆகக் குறைக்கும் வளையங்கள் விற்பனைக்கு உண்டு. வளையம் தட்டின் தடிப்பைவிடச் சற்று மெல்லியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபக்கத் தாங்கு வட்டுகளும் தட்டை இறுக்காமல் வளையத்தை மட்டும் இறுக்கும். 25.4 மில்லிமீற்றர்த் துளையுடனேயே தட்டுகள் கிடைப்பதால், கடைக்காரர் மாற்றித் தருவாராயின் அதுவே நல்லது. தட்டில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று எண்ணிக்கை உங்கள் தண்டின் வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் சுற்றை அதன் கப்பியின் விட்டத்தால் பெருக்கி, தண்டுக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் அந்த வேகம் தெரியும்.