பவுண்டுக்குப் பவுண்டு யார் நம்பர் ஒன்? என் ஓட்டு ஊசிக்குக்குத்தான்

கேள்வி இதுதானே: எடையை ஒதுக்கி வைத்துவிட்டுத் திறமையை மட்டும் பார்த்தால் இன்றைய குத்துச்சண்டையில் முதலிடம் யாருக்கு, உக்ரைனின் ஊசிக்கா, ஜப்பானின் நவோயா இனோவேயா, அமெரிக்காவின் டெரன்ஸ் கிராஃபோர்டா? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஒலெக்சாண்டர் ஊசிக். என் மச்சான் இனோவே கட்சி. இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இந்தப் பதில் பாதி உங்களுக்கு, பாதி அவனுக்கு.

முதலில், இந்தப் பவுண்டுக்குப் பவுண்டு பட்டியலே எதற்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எடைக்கு மேல் வரம்பே இல்லாத ஹெவிவெயிட்டில் சாம்பியன் என்றால் உலகத்தில் யாரையும் அடிக்கக்கூடியவன் என்று அர்த்தம், அவனுக்குப் பட்டியல் தேவையே இல்லை. சின்ன உடம்புக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பெரிய உடம்பிடம் தோற்றுவிடுவான், அது அவன் தப்பில்லை, ஆகவே "எல்லாரும் ஒரே எடையில் இருந்தால்?" என்று ஒரு கற்பனை. பழைய அமெரிக்க சாம்பியன் சுகர் ரே ராபின்சனோடு அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. ராபின்சனே ஒரு தடவை அந்தக் கற்பனையை நிஜமாகச் சோதித்துப் பார்த்தார். 1952 ஜூனில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், தன்னைவிடப் பதினைந்து பவுண்டு கனமான ஜோயி மாக்சிமோடு மோதினார். வெயில் காலம், வளையத்துக்குள் நாற்பது டிகிரி. வெக்கை தாங்காமல் நடுவரே பாதியில் மாற்றப்பட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளியில் முன்னால் இருந்த ராபின்சன் பதின்மூன்றாவது ரவுண்டு முடிந்ததும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இருநூறு சண்டை போட்ட மனிதர் ரவுண்டு கணக்கு முடியாமலே தோற்றது அது ஒன்றில்தான்.

அந்தப் பதினைந்து பவுண்டை மனதில் வைத்துக்கொண்டு ஊசிக்கிடம் வாருங்கள்.

"ஹெவிவெயிட்காரனைப் பவுண்டுக்குப் பவுண்டு பட்டியலில் வைப்பதே தப்பு" என்று சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. பொதுவாக நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் ஊசிக் அந்தக் கூட்டத்தில் சின்னப் பையன். 200 பவுண்டு வரம்புள்ள குரூசர்வெயிட்டில் நான்கு உலக அமைப்புகள் தரும் நான்கு பட்ட பெல்ட்டையும் 2018-லேயே வாரிக்கொண்டு மேலே வந்தவர். 2024 டிசம்பரில் ரியாதில் பிரிட்டன் ஹெவிவெயிட் டைசன் ஃப்யூரியோடு நடந்த இரண்டாவது சண்டைக்குத் தராசில் ஏறியபோது ஃப்யூரி 281 பவுண்டு, ஊசிக் 226. வித்தியாசம் 55 பவுண்டு, அதாவது 25 கிலோ, கடையில் விற்கும் ஒரு சிப்பம் அரிசி. எதிராளி தோளில் ஒரு சிப்பம் அரிசியைக் கட்டிவிட்டு, அதில் ஒவ்வொரு மணியும் உன்னைக் குத்தும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? மூன்று நடுவர்களும் 116-112 என்று ஊசிக்குக்கே கொடுத்தார்கள்.

இதை மச்சான் பாஷைக்கு மாற்றிச் சொல்கிறேன். ஃப்யூரி ஊசிக்கைவிடக் கிட்டத்தட்ட கால்வாசி அதிகக் கனம். அதே விகிதத்தில் பார்த்தால், 55 கிலோ இனோவே சுமார் 69 கிலோ ஆள் ஒருவனோடு மோத வேண்டும். வெல்டர்வெயிட்டையும் தாண்டிய உடம்பு அது. அந்தச் சண்டைக்கு எந்த ஆணையமும் அனுமதி தராது, தரவும் கூடாது.

அதற்கு முந்தைய சண்டை, 2024 மே, அதுவும் ரியாத். நமக்கு ஞாயிறு விடியற்காலை. நான் ஹாலில் விளக்குப் போடாமல், சத்தத்தை ஒன்றில் வைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நடு ரவுண்டுகளில் ஃப்யூரி ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கையைக் கீழே தொங்கவிட்டு, நாக்கை நீட்டி, அடிவயிற்றுக்கு மேலே அப்பர்கட்டாக ஏற்றி, ஊசிக் முடிந்தார் என்றே நினைத்தேன். ஒன்பதாவது ரவுண்டில் ஒரு இடது கை. ஃப்யூரியின் கால் இரண்டும் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. கயிற்றில் மோதி, திரும்பி, அடுத்த பக்கக் கயிற்றில் மோதி, கடைசி பஸ்ஸில் நிற்கிற ஆள் மாதிரி ஆடிக்கொண்டே போகிறார், ஊசிக் பின்னாலேயே விடாமல் குத்திக்கொண்டு போகிறார். கயிறு மட்டும் இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்று முடிவு செய்து நடுவர் மார்க் நெல்சன் குறுக்கே பாய்ந்து எண்ண ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது, ஃப்யூரி தப்பினார். நான் கத்திவிட்டேன், வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், அது தனிக் கதை.

அந்த எண்ணிக்கையின் மதிப்பு என்ன தெரியுமா? முடிவு 115-112, 114-113 ஊசிக்குக்கு, 114-113 ஃப்யூரிக்கு. சாதாரணமாக ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9; விழுந்ததாகக் கணக்கான நாக்டவுன் என்பதால் அந்த ரவுண்டு 10-8. அதை 10-9 ஆக்கிப் பாருங்கள், ஒரு நடுவரின் புள்ளி அட்டை 114-114 ஆகிவிடும், சண்டையே டிரா. 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் எல்லா பெல்ட்டும் ஒரே இடுப்புக்கு வந்தது அந்தச் சில நொடிகளால்தான்.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த மனிதர் சொந்த ஊரில் உட்கார்ந்து ஆள் வரவழைத்துச் சண்டை போட்டவர் இல்லை. குளோவாக்கியைப் போலந்தில், பிரீடிஸை அவருடைய ரீகாவில், காசியெவை மாஸ்கோவில், பெல்யூவை மான்செஸ்டரில், ஜோஷுவாவை லண்டனில் ஜெயித்தார். உக்ரைன்காரர் மாஸ்கோவில் போய் நான்கு பெல்ட்டோடு திரும்பினார் என்பதை ஒருமுறை நின்று யோசியுங்கள், அதுவும் அவர் பிறந்தது கிரிமியாவில்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. பிரீடிஸ் சண்டை இழுபறி. 2023-இல் பிரிட்டனின் டேனியல் டுபுவா ஊசிக்கைச் சாய்த்த குத்து இடுப்புக்குக் கீழேயா (கீழே என்றால் விதிமீறல்) மேலேயா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். என் கண்ணுக்கு அது பெல்ட் கோட்டின் மேலேயே பட்டது, விதிமீறல் என்று நடுவர் சொன்னதால் ஊசிக்குக்குக் கிடைத்த ஓய்வு நேரம் அதிர்ஷ்டம்தான். ஆனால் 2025 ஜூலையில் வெம்ப்ளியில் அதே டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் படுக்க வைத்தபோது, அந்தப் பேச்சில் பாதி அடங்கிவிட்டது.

கிராஃபோர்ட் விஷயத்தில்தான் எனக்குத் தடுமாற்றம். 2023-இல் எரோல் ஸ்பென்ஸை மூன்று தடவை தரையில் உட்கார வைத்து ஒன்பதாவது ரவுண்டில் முடித்தாரே, சம பலத்தில் இருப்பதாக எல்லாரும் நினைத்த இருவருக்குள் அவ்வளவு ஒருதலையான சண்டையை நான் பார்த்ததில்லை. 2025 செப்டம்பரில் இரண்டு எடைப்பிரிவு தாண்டிப் போய் மெக்சிகோவின் கனெலோ அல்வாரெஸையும் ஜெயித்தார். நான்கு பெல்ட் காலத்தில் மூன்று பிரிவுகளில் எல்லாவற்றையும் சேர்த்த முதல் ஆண் அவர்தான். அந்த வாரம் யாராவது கேட்டிருந்தால் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன். டிசம்பரில் 42-0 என்று ஓய்வை அறிவித்துவிட்டார். காலி நாற்காலிக்கு ஓட்டுப் போட முடியாது.

இனோவேக்கு வருகிறேன், மச்சான் இதுவரை படித்திருந்தால். நான்கு எடைப்பிரிவில் பட்டம், அதில் இரண்டில் நான்கு பெல்ட்டும். ஈரல் பக்கம் அவர் விடும் இடது குத்து விழுந்தால் ஆள் அப்படியே மடங்குவான். நர்வாயேஸ் இரண்டு ரவுண்டில் விழுந்ததும் அவர் தரப்பு இனோவேயின் கையுறைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தது. நெரியும் கார்டெனாஸும் அவரைக் கீழே தள்ளியதை நான் குறையாகவே எடுக்கவில்லை, இரண்டு தடவையும் எழுந்து நாக்கவுட்டில்தான் முடித்தார். என் புகார் வேறு: அவர் ஏறிய ஒவ்வொரு பிரிவிலும் எதிரே நின்றவன் தராசில் அவரளவுதான் இருந்தான். அவர் பெரிய ஆளை ஜெயிப்பார் என்று நாம் நம்புகிறோம், ஊசிக் அதைச் செய்து காட்டியிருக்கிறார். மற்றபடி இரண்டாமிடம் கண்ணை மூடிக்கொண்டு இனோவேக்கு, மூன்றுக்கு லைட் ஹெவிவெயிட்காரர் டிமித்ரி பிவோல்.

மச்சான் இப்போது நெரி சண்டை வீடியோவை மறுபடி அனுப்புவான். அனுப்பட்டும், அந்த ஆறாவது ரவுண்டு எனக்கும் பிடிக்கும்.