சன்ரூஃப் தானாக வெடித்ததா? "கல் பட்டது" என்று கையெழுத்து போடாதீர்கள்

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் சென்னையில் 17 லட்சத்துக்குக் கார் வாங்கினேன். போன வாரம் திருச்சிக்குத் திரும்பும்போது, விக்கிரவாண்டி தாண்டியதும் தலைக்கு மேல் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். சன்ரூஃப் நொறுங்கிப் பின்சீட்டில் கொட்டியது. மகளுக்குக் கையில் இரண்டு தையல். பக்கத்தில் லாரிகூட இல்லை. சர்வீஸ் சென்டரில் "கல் பட்டிருக்கும், வாரண்டி கிடையாது, இன்சூரன்ஸில் போட்டுவிடலாம்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்து போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் நல்லது. சர்வீஸ் சென்டர் அட்வைசரே "கல் பட்டு உடைந்தது" என்று நிரப்பி நீட்டுவார், நாமும் அவசரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவோம், பிறகு நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான். க்ளெய்ம் செய்வதில் தப்பில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: ஓடும்போது உடைந்தது, எதுவும் மோதியதை நாங்கள் பார்க்கவில்லை. சர்வீஸ் சென்டர் காருக்குப் போடும் வேலைச் சீட்டான ஜாப் கார்டிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கிய சன்ரூஃப் கண்ணாடி, தானாகவும் உடையும். உள்ளே நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தாலோ, பொருத்தும்போது ஓரத்தில் அடிபட்டிருந்தாலோ, என்றைக்காவது ஒருநாள் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். 2012-இல் அமெரிக்காவில் ஹூண்டாய் வெலோஸ்டர் கார்களை இந்தப் பிரச்னைக்காகவே திரும்ப அழைத்தார்கள், தொழிற்சாலையில் பொருத்தும்போதே கண்ணாடி பலவீனப்பட்டிருக்கலாம் என்று. அதனால் ஃபிரேமில் ஒட்டியிருக்கும் துண்டுகள்தான் உங்கள் சாட்சி. புதுக் கண்ணாடி மாட்டும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பழைய துண்டுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். டேஷ்கேம் பதிவு இருந்தால் அழிந்துபோகும் முன் காப்பி எடுங்கள்.

அப்புறம், உங்கள் வழக்கில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கண்ணாடிச் செலவை "குறைபாடுள்ள பொருள்" என்று கேட்க வேண்டும். மகளின் காயத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவுப்படி தயாரிப்பாளரிடம் தனியாக இழப்பீடு கேட்கலாம். அந்தப் பிரிவில் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது, அதனால் மனுவில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆஸ்பத்திரி சீட்டு, தையல் போட்ட பில் பத்திரம். இன்சூரன்ஸில் வாங்கிய பணத்தை மறுபடி கேட்க முடியாது.

கார் சென்னையில் வாங்கியதானாலும் திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், நீங்கள் குடியிருக்கும் ஊர் போதும். 17 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கண்ணாடியை ஆய்வகத்துக்கு அனுப்ப 38-வது பிரிவில் வழி இருக்கிறது, அந்தக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம், யோசிக்காமல் கட்டுங்கள். மனு தாக்கல் செய்யக் கெடு, உடைந்த நாளிலிருந்து இரண்டு வருடம். தாக்கல் செய்யும் முன் இருவருக்கும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள், 15 நாள் அவகாசம் கொடுத்தால் போதும்.