பதில்: 'தி இட்டாலியன் ஜாப்' டிவிடியில கடைசிக் காட்சியைக் காணோம்

உங்க டிவிடியில எந்தக் கோளாறும் இல்லீங்க, கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. தங்கத்தைக் கொள்ளையடிக்கிற ஒரு கூட்டத்தைப் பத்தி 1969ல வந்த அந்தப் படமே அப்படித்தான் முடியுது. அவங்க தப்பிச்சுப் போற பஸ்ஸோட பின்பாதி ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்துக்கு மேல அந்தரத்துல தொங்கும். தங்கம் அந்தக் கோடியில, ஆளுங்க இந்தக் கோடியில. கூட்டத்தலைவனா நடிச்ச மைக்கேல் கெய்ன் தரையோட தரையா ஊர்ந்துபோய்க் கையை நீட்ட நீட்ட, தங்கம் இன்னும் கொஞ்சம் நழுவும். தனக்கு ஒரு யோசனை இருக்குன்னு சொல்லுவார். அவ்வளவுதான், படம் முடிஞ்சிடும்.

முதல் தடவை எனக்கும் கடுப்புதான். இப்போ அதுக்காகவே பார்க்கிறேன்.

முதல் அரைமணி நேரம் இழுவைன்னு எழுதியிருந்தீங்க. ஓரளவு நிஜம்தான். ஆனா ஜெயில் காட்சிகள்ல நடிகர் நோயல் கவர்டைக் கவனிச்சீங்களா? கைதியா இருந்துக்கிட்டே ராஜா மாதிரி நடப்பார். அறைச் சுவர்ல மகாராணி படங்கள் வேற! அந்தக் குசும்பு பிடிச்சுப்போச்சுன்னா இழுவை தெரியாது.

இத்தாலியோட டூரின் நகரத்துல சிவப்பு, வெள்ளை, நீலம்னு பிரிட்டிஷ் கொடி நிறத்துல மூணு மினி கூப்பர் கார் படிக்கட்டுல தடதடன்னு இறங்குறது, ஃபியட் ஆலை மொட்டைமாடியில சுத்துறது எல்லாம் கார் சாகசக் கலைஞர் ரெமி ஜூலியனோட குழு நிஜமாவே ஓட்டினது. (கார்கள் சாக்கடைக் குழாய்க்குள்ள ஓடுற காட்சி மட்டும் இங்கிலாந்துல கோவென்ட்ரியில எடுத்தது.)

அந்தத் தங்கத்தை எப்படி எடுக்கிறதுன்னு 2008ல பிரிட்டனோட வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி போட்டியே வச்சாங்க. ஜெயிச்ச விடையைத் தேடுறதுக்கு முன்னாடி நீங்களே பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாருங்க. பஸ் டேங்க்ல இருக்கிற எரிபொருளோட எடையை மறந்துடாதீங்க.